ஆங்கிலக் கவிதையும் ஓரங்க நாடகமும்: இடைநிலை மாணவர் எப்படிப் படிப்பது?

பாடத்தில் ஓர் ஆங்கிலக் கவிதை வந்ததும் பெரும்பாலோர் முதலில் தேடுவது அதன் சுருக்கத்தைத்தான். சுருக்கம் கிடைத்துவிட்டால் கவிதைப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. தெரிந்த கேள்வி வந்தால் தப்பித்துக்கொள்ளலாம். நான்கு வரியைக் கொடுத்து 'விளக்குக' என்று கேட்டால் மாட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் அந்த நான்கு வரியை அவர்கள் வாக்கியமாக ஒருபோதும் படித்ததில்லை.

இங்கே சொல்லும் முறை அதற்கு நேர்மாறு. வாக்கியம் என்ன சொல்கிறது, யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார் என்ற மூன்றும் முதலில். மையக்கருத்து, அணி, நயம் எல்லாம் அதற்குப் பிறகு. அகராதி உதவியோடு ஓர் ஆங்கிலச் செய்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடிகிறவர்கள் இந்த முறையில் இறங்கலாம். எடுத்துக்கொள்ளும் கவிதை 14 முதல் 40 வரிக்குள்ளும், நாடகம் 15 முதல் 25 பக்கத்துக்குள்ளும் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

கையில் இருக்க வேண்டியவை

பென்சில், ஒரு நோட்டு, ஓரம் அகலமாக விட்டு எடுத்த பிரதி. பாடப்புத்தகத்திலேயே எழுதலாம்தான், ஆனால் இரண்டாம் முறை படிக்கும்போது பழைய குறிப்பு கண்ணை இழுக்கும். கவிதையை ஒரு வரி விட்டு ஒரு வரி கையால் எழுதிக்கொள்வது இன்னும் நல்லது. எழுதும்போதே காற்புள்ளிகள் கண்ணில் படும்.

அகராதி இரண்டு வேண்டும். கற்போருக்கான சின்ன அகராதி இன்றைய பொருளைத் தெளிவாகத் தரும், ஆனால் பழைய பொருளைப் பெரும்பாலும் விட்டுவிடும். பழைய பொருளையும் தரும் பெரிய அகராதி ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் பழங்கவிதையில் வழுக்கி விழாமல் இருக்கலாம். 'வான்ட்' என்றால் இன்று விரும்புவது, பழைய கவிதைகளில் பல இடங்களில் இல்லாமல் இருப்பது. 'பிரசென்ட்லி' என்றால் இன்று சற்று நேரத்தில், ஷேக்ஸ்பியரிடம் பெரும்பாலும் உடனே. 'வேர்ஃபோர்' என்றால் 'எங்கே' அல்ல, 'ஏன்'. தெரியாத சொல்லைவிட, தெரிந்ததாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும் சொல்தான் அதிகம் ஏமாற்றும். பொருள் பொருந்தாமல் இடறினால் அந்த வரியிலுள்ள எளிய சொற்களை முதலில் சந்தேகப்படுங்கள்.

நேரக் கணக்கு: 14 வரிக் கவிதைக்கு 40 நிமிடம் வீதம் மூன்று அமர்வு. மூன்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டாம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் ஓர் இரவு இருந்தால் முதல் நாள் புரிந்ததாக நினைத்ததில் எது நிற்கிறது, எது கரைந்துபோனது என்று தெரிந்துவிடும்.

முதல் அமர்வு: வரியை விட்டு வாக்கியத்தைப் பிடியுங்கள்

அகராதியைத் தொடாமல் இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். வரி முடியும் இடத்தில் நிற்காதீர்கள், நிறுத்தற்குறி இருக்கும் இடத்தில் மட்டும் நில்லுங்கள். காற்புள்ளிக்குச் சின்ன நிறுத்தம், முற்றுப்புள்ளிக்கு முழு நிறுத்தம். எந்தக் குறியும் இல்லாமல் ஒரு வரி முடிந்தால் மூச்சு விடாமல் அடுத்த வரிக்குள் போய்விடுங்கள். வரிக்கு வரி நின்று ஒப்பிப்பதைப் போலப் படித்தால் எதுகை நன்றாகக் கேட்கும், பொருள் துண்டு துண்டாகிப் போகும்.

பிறகு பென்சிலை எடுத்து ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் அரைப்புள்ளியிலும் ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். 14 வரியில் நான்கைந்து வாக்கியம்தான் இருக்கும். அவற்றுக்கு எண் கொடுங்கள். இனி உங்கள் கணக்கு வரியில் அல்ல, வாக்கியத்தில்.

ஒவ்வொரு வாக்கியத்திலும் தேட வேண்டியது இந்த வரிசையில்: முற்றுவினை எது, அதைச் செய்வது யார் அல்லது எது, செயல் யார்மீது அல்லது எதன்மீது. தமிழில் இதைத் தேட வேண்டியதில்லை. 'வந்தாள்' என்ற ஒரு சொல்லிலேயே ஆள் இருக்கிறாள். 'ஐ' உருபு இருப்பதால் சொல்லை எங்கே தூக்கிப் போட்டாலும் செயப்படுபொருள் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் இந்த வேலையைச் செய்வது சொற்களின் வரிசை. கவிஞர் ஒலிக்காக அந்த வரிசையைக் கலைக்கும்போது அடையாளமே அழிந்துபோகிறது. அதனால்தான் வினையைத் தேடிப் பிடித்து வட்டமிடச் சொல்வது.

ஓர் இடத்தைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஷெல்லியின் 'ஓஸிமாண்டியஸ்' 1818இல் வெளிவந்த 14 வரிக் கவிதை. பாலைவனத்தில் உடைந்து கிடக்கும் ஒரு மன்னனின் சிலையைப் பற்றி ஒரு பயணி சொல்கிறான். உடல் இல்லாமல் நிற்கும் இரண்டு கற்கால்கள், மணலில் பாதி புதைந்த முகம். முகத்தில் சுளிப்பும் ஏளனமும். அந்த உணர்ச்சிகளைச் சிற்பி நன்றாகப் படித்திருக்கிறான் என்று சொல்லிவிட்டு இப்படித் தொடர்கிறது: 'விச் யெட் சர்வைவ், ஸ்டாம்ப்ட் ஆன் தீஸ் லைஃப்லெஸ் திங்ஸ், தி ஹேண்ட் தட் மாக்ட் தெம், அண்ட் தி ஹார்ட் தட் ஃபெட்.'

பெரும்பாலோர் இடறுவது 'சர்வைவ்' என்ற சொல்லில். 'பிழைத்திருக்கிறது' என்று பொருள் எழுதிவிட்டு நகர்ந்தால், கடைசியில் வரும் 'கை'யும் 'நெஞ்சு'ம் எதோடும் ஒட்டாமல் அந்தரத்தில் தொங்கும். தொங்குகிறது என்றாலே வினையைத் தவறாகப் பிடித்திருக்கிறோம் என்று அர்த்தம். 'சர்வைவ்' இங்கே செயப்படுபொருளை ஏற்கும் வினை: ஒன்று போன பிறகும் இன்னொன்று மிஞ்சுவது. மிஞ்சியது எது? முகத்தில் பதிந்த உணர்ச்சிகள். எது போன பிறகு? கையும் நெஞ்சும் போன பிறகு. நடுவில் உள்ள 'உயிரற்ற இவற்றின்மேல் பதிந்து' என்பது இடைச்செருகல். அதைச் சுற்றி அடைப்புக்குறி போட்டு எடுத்துவிட்டால் வாக்கியம் நேராகிவிடும்.

அடுத்து, யாருடைய கை? சிற்பியுடையது. யாருடைய நெஞ்சு? அந்த உணர்ச்சிகளை ஊட்டி வளர்த்த மன்னனுடையது. 'மாக்ட்' என்பதற்கு அச்செடுத்தாற்போல் படைத்தல் என்றும் பொருள், கேலி செய்தல் என்றும் பொருள். இங்கே இரண்டும் பொருந்தும், ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. இவ்வளவும் ஆனபின் தமிழில் இப்படி எழுதலாம்: 'கல்லில் பதிந்த அந்த உணர்ச்சிகள், அவற்றைச் செதுக்கிய கையும் அவற்றை வளர்த்த நெஞ்சும் அழிந்த பின்னும் அப்படியே இருக்கின்றன.' இந்த ஒரு வாக்கியத்துக்குப் பத்து நிமிடம் ஆகலாம். ஆனால் இதைச் செய்தவருக்கு, அதிகாரம் அழியும், கலை நிற்கும் என்ற 'மையக்கருத்து' தானாகவே கையில் வந்து விழுகிறது. வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

யார் பேசுகிறார்?

வாக்கியங்கள் நேரான பிறகு ஓரத்தில் பேசுபவரைக் குறியுங்கள். மேலே சொன்ன கவிதையில் குரல்கள் மூன்று. 'நான்' என்று தொடங்குபவர் ஒருவர், அவர் கேட்டது பயணி சொன்னதை, பயணி படித்துக்காட்டுவது பீடத்தில் மன்னன் பொறித்துவைத்த சொற்களை. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கட்டம் வரைந்தால் தெளிவாகிவிடும். மேற்கோள் குறி எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்று பாருங்கள்.

பேசுபவர் தெரிந்தால்தான் முரண்நகை பிடிபடும். 'வலியோரே, என் செயல்களைப் பார்த்து நம்பிக்கை இழந்துபோங்கள்' என்பது மன்னனின் அறைகூவல். தனக்கு ஈடாக யாராலும் கட்ட முடியாது என்ற இறுமாப்பில் சொன்னது. அடுத்த வரியே சுற்றிலும் ஒன்றும் மிச்சமில்லை என்கிறது. இப்போது நம்பிக்கை இழக்கக் காரணம் வேறு: இத்தனை பெரிய அரசே மண்ணாகிவிட்டதென்றால் நாம் எம்மாத்திரம்? 'இக்கவிதையில் ஐரனி உள்ளது' என்று எழுதினால் மதிப்பெண் வராது. எந்தச் சொல், யார் வாயில் ஒரு பொருளிலும், நம் காதில் வேறொரு பொருளிலும் விழுகிறது என்று காட்ட வேண்டும்.

'கவிஞர் சொல்கிறார்' என்று எழுதும் பழக்கத்தையும் இங்கேயே விட்டுவிடுங்கள். கவிதையில் பேசுபவர் கவிஞராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கொலைகாரனின் வாய்மொழியாகவும் கவிதை எழுதலாம். அதற்குக் கவிஞரைக் கைது செய்ய முடியாது.

பழைய கவிதைகளில் வரும் 'தௌ, தீ, தை' கண்டு பலர் மிரள்வார்கள். தமிழ் தெரிந்தவர் மிரள வேண்டியதே இல்லை. 'தௌ' என்றால் நீ, 'தீ' என்றால் உன்னை அல்லது உனக்கு, 'தை' என்றால் உன். 'யூ' என்பது பன்மைக்கும் மரியாதைக்கும் உரிய நீங்கள். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஒருவர் 'யூ'விலிருந்து 'தௌ'வுக்கு மாறினால் அங்கே ஏதோ நடக்கிறது: நெருக்கம் கூடியிருக்கும், அல்லது கோபத்தில் மரியாதை போயிருக்கும். நீங்கள் என்று பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று நீ என்றால் நமக்கு எப்படி உறைக்குமோ அப்படித்தான். ஆனால் 18, 19ஆம் நூற்றாண்டுக் கவிதைகளில் பறவையையும் காற்றையும் கடவுளையும் விளிக்கும் கவிதை மரபாகவே 'தௌ' நின்றுவிட்டது. அங்கே இந்த நுட்பத்தைத் தேடாதீர்கள். 'ஹாத்' என்பது ஹாஸ், 'டத்' என்பது டஸ், 'தௌ ஆர்ட்' என்பதில் உள்ள 'ஆர்ட்' கலை அல்ல, 'இருக்கிறாய்'.

இரண்டாம் அமர்வு: காதால் படிப்பது

தமிழ் யாப்பு தெரிந்தவர்கள் இங்கே ஒரு பழக்கத்தைக் கழற்றி வைக்க வேண்டும். நம் அசை குறில், நெடில், ஒற்று இவற்றைக் கொண்டு நேர், நிரை என்று பிரியும். ஆங்கில யாப்பு எழுத்தைப் பார்ப்பதில்லை, அழுத்தத்தைப் பார்க்கிறது. ஒரு சொல்லில் எந்த அசையை அழுத்திச் சொல்கிறோம், எதை லேசாக விடுகிறோம் என்பதுதான் அடிப்படை. தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே சீராகச் சொல்லிப் பழகியதால், ஆங்கிலக் கவிதையையும் அப்படியே சொல்லிவிட்டு 'ஓசையே இல்லையே' என்று குழம்புகிறோம்.

அழுத்தம் எங்கே என்று தெரியாவிட்டால் அகராதியைப் பாருங்கள். ஒலிக்குறிப்பில் ஓர் அசைக்கு முன்னால் மேல்பக்கம் ஒரு சின்னச் செங்குத்துக் கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்கு அடுத்த அசையில் அழுத்தம். 'ரெக்கார்ட்' போன்ற சொற்களில் பெயர்ச்சொல்லானால் முதல் அசையிலும் வினையானால் இரண்டாவதிலும் அழுத்தம் விழும்.

இப்போது ஷேக்ஸ்பியரின் 18ஆவது சானட்டின் (சானட் என்பது 14 வரிக் கவிதை வடிவம்) முதல் வரியை மேசையில் விரலால் தட்டிக்கொண்டு சொல்லுங்கள். பத்து அசை, இரண்டிரண்டாக ஐந்து சீர்: ஷால்-ஐ, கம்-பேர், தீ-டு, அ-சம், மர்ஸ்-டே. ஒவ்வொரு சீரிலும் இரண்டாவது அசையில் தட்டு விழ வேண்டும்: த-தும், த-தும், த-தும், த-தும், த-தும். இதுதான் ஐயாம்பிக் பென்டாமீட்டர். சொல் முடியும் இடமும் சீர் முடியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதையும் கவனியுங்கள். 'சம்மர்ஸ்' என்ற சொல்லே இரண்டு சீராகப் பிரிந்துவிட்டது.

இந்தச் சீரான ஓசை எங்கே உடைகிறது என்று காட்டுவதில்தான் மதிப்பெண் இருக்கிறது. அதே கவிதையின் மூன்றாம் வரி 'ரஃப் விண்ட்ஸ்' என்று தொடங்குகிறது. முதல் இரண்டு அசையும் கனம். முரட்டுக் காற்று என்று சொல்லும் இடத்தில் ஓசையும் முரட்டுத்தனமாக மோதுகிறது. சீரின் பெயரை மட்டும் எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது, ராகத்தின் பெயரைச் சொல்லிவிட்டுப் பாட்டைக் கேட்காமல் போவதைப் போல.

அசை எண்ணும்போது வரும் பிழை பெரும்பாலும் 'எட்' விகுதியில்தான். 'ஸ்டாம்ப்ட்', 'லுக்ட்' இரண்டும் ஓரசை. 'ஸ்டாம்பெட்' என்று சொன்னால் வரி ஓரசை கூடிவிடும். 'நீட்', 'வான்ட்' என்று டகர ஒலியில் முடியும் வினைக்குப் பிறகு மட்டும் அது தனி அசை ஆகும், 'வான்டெட்' போல. பழைய கவிதையில் கவிஞருக்கு அந்த அசை வேண்டுமென்றால் பதிப்பில் அந்த 'ஈ' எழுத்தின் மேல் ஒரு சாய்கோடு இருக்கும். இன்னொரு பிழை, மெய்யில் முடியும் சொல்லுக்கு நாமாக ஓர் உகரம் சேர்ப்பது: 'ஹேண்ட்' ஓரசை, 'ஹேண்டு' ஈரசை.

எதுகைக்கு வருவோம். நம் எதுகை அடியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்தில் நிற்கும். ஆங்கில 'ரைம்' அடியின் இறுதியில் நிற்பதால் நம் இயைபுக்குத்தான் அது நெருக்கம். 'அலிட்டரேஷன்' மோனைக்கு நெருக்கம், ஆனால் எழுத்தை அல்ல, ஒலியைப் பார்க்க வேண்டும். வரி இறுதிகளுக்கு ஏ, பி, சி என்று பெயர் கொடுத்துக்கொண்டே வாருங்கள். 'லவ்', 'ப்ரூவ்' என்று எழுத்தில் மட்டும் ஒத்து ஒலியில் ஒவ்வாத இணைகள் வந்தால் கவிஞர் சறுக்கிவிட்டார் என்று எழுத வேண்டாம். உச்சரிப்பு காலப்போக்கில் மாறியிருக்கலாம்.

வடிவத்தைப் பற்றி இந்த நிலையில் தெரிய வேண்டியது குறைவு. சானட் 14 வரி. இத்தாலிய வகை எட்டும் ஆறுமாகப் பிரியும். ஷேக்ஸ்பியர் வகை மூன்று நாலடியும் கடைசியில் ஓர் ஈரடியும்: ஏபிஏபி, சிடிசிடி, ஈஎஃப்ஈஎஃப், ஜிஜி. 'ஓஸிமாண்டியஸ்' இந்த இரண்டு அச்சிலும் சரியாக அடங்காது, அதையும் எழுதலாம். பெயரைவிடப் பயனுள்ளது திருப்பம் எங்கே என்று காண்பது. 'பட்', 'யெட்', 'தென்', 'ஸோ' போன்ற சொற்களை வரித் தொடக்கத்தில் தேடுங்கள். 18ஆவது சானட்டின் ஒன்பதாம் வரி 'பட்' என்றே தொடங்குகிறது. அதுவரை கோடை அழியும் என்ற பேச்சு, அங்கிருந்து உன் கோடை அழியாது என்ற பேச்சு.

மூன்றாம் அமர்வு: அணியும் கருத்தும்

இதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். உவமை, உருவகம் இரண்டும் நமக்குப் பழகியவை. ஆனால் 'லைக்', 'ஆஸ்' வந்த இடமெல்லாம் உவமை ஆகிவிடாது. 'ஆஸ்' என்பதற்கு 'போது', 'ஏனெனில்' என்றும் பொருள் உண்டு. 'பெர்சானிஃபிகேஷன்' என்பதை நம் தற்குறிப்பேற்றத்தோடு ஒன்றாக்க வேண்டாம். இயல்பாக நடக்கும் ஒன்றுக்குக் கவிஞர் தன் காரணத்தை ஏற்றிச் சொல்வது தற்குறிப்பேற்றம். அஃறிணையை மனிதராக ஆக்கிவிட்டாலே பெர்சானிஃபிகேஷன்.

ஒவ்வோர் அணிக்கும் நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: சொல், எதை எதனோடு இணைக்கிறது, அந்த இணைப்பால் புதிதாக என்ன வருகிறது. மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் அந்த அணியைப் பதிலில் எழுத வேண்டாம்.

கருத்தை எழுதும் முன் கவிதையைத் தலைப்பிலிருந்து ஒரு முறை திரும்பப் படியுங்கள். ராபர்ட் ஃப்ராஸ்டின் 'தி ரோட் நாட் டேக்கன்' இதற்கு நல்ல எச்சரிக்கை. 'யாரும் போகாத பாதையில் துணிந்து போ' என்பதே அதன் கருத்து என்று எங்கும் எழுதியிருக்கும். தலைப்போ போகாமல் விட்ட பாதையைச் சொல்கிறது. உள்ளே, இரண்டு பாதையும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேய்ந்திருந்தன என்று பேசுபவரே ஒப்புக்கொள்கிறார். அந்தத் தேர்வுதான் எல்லாவற்றையும் மாற்றியது என்ற கடைசிப் பேச்சு, பல காலம் கழித்து ஒரு பெருமூச்சோடு தான் சொல்லப்போவது என்று எதிர்காலத்தில் வருகிறது. வினையின் காலத்தைக் கவனிக்காமல் படித்தால் கவிதை தலைகீழாகிவிடும்.

நாடகம்: மனதில் மேடை கட்டிப் படிப்பது

ஓரங்க நாடகத்தைக் கதையாகப் படிப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. கதையில் யாராவது நமக்கு விளக்குவார்கள். நாடகத்தில் ஆசிரியர் வாயைத் திறப்பது அடைப்புக்குறிக்குள் இருக்கும் மேடைக் குறிப்புகளில் மட்டும்தான். அவற்றைத் தாண்டிப் போனால் பாதி நாடகம் போயிற்று.

இதற்கு நான்கு அமர்வு ஒதுக்குங்கள். முதல் அமர்வில் வசனத்தையே படிக்க வேண்டாம். பாத்திரப் பட்டியலையும் தொடக்க மேடைக் குறிப்பையும் படித்து, அரைப் பக்கத்தில் மேடையை வரையுங்கள். 'ஸ்டேஜ் ரைட்' என்பது பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகரின் வலது, அதாவது நமக்கு இடது. 'டவுன்ஸ்டேஜ்' பார்வையாளர் பக்கம், 'அப்ஸ்டேஜ்' பின்பக்கம். 'எக்ஸிட்' ஒருவர் போவது, 'எக்ஸியன்ட்' பலர் போவது. 'அசைட்' என்றால் மேடையில் மற்றவர் காதில் விழாததாகக் கொண்டு பேசுவது.

இரண்டாம் அமர்வில் முழு நாடகத்தையும் ஒரே மூச்சில், அகராதி இல்லாமல், முடிந்தால் இருவர் மூவராகக் குரல் பிரித்துப் படியுங்கள். 20 பக்கத்துக்கு 40 நிமிடம் போதும். பாதியில் நிறுத்தினால் இறுக்கம் போய்விடும்.

மூன்றாவதில் நாடகத்தைத் துண்டு போட வேண்டும். யாராவது உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் ஒரு கோடு. அயர்லாந்து நாடகாசிரியர் லேடி கிரகரியின் 'தி ரைசிங் ஆஃப் தி மூன்' 1907இல் டப்ளினின் அபே அரங்கில் முதலில் மேடையேறிய ஓரங்க நாடகம். இந்த முறைக்கு அது வெகு பொருத்தம். துறைமுகத்து ஓரம், நிலவொளி, ஒரு பெரிய பீப்பாய். ஒரு சார்ஜன்ட்டும் இரண்டு காவலர்களும் அரசை எதிர்த்துக் கிளர்ந்து, சிறையிலிருந்து தப்பிய கைதியைத் தேடி அறிவிப்பு ஒட்டுகிறார்கள், பிடித்துத் தருபவருக்கு 100 பவுண்டு. காவலர்கள் போகிறார்கள். சார்ஜன்ட் தனியே நிற்கிறார். கந்தலாடைப் பாடகன் ஒருவன் வருகிறான், அவன்தான் அந்தக் கைதி. காவலர்கள் திரும்பி வருகிறார்கள், போகிறார்கள். பாடகனும் போகிறான். சார்ஜன்ட் மறுபடி தனியே. கோடுகளைப் பார்த்தாலே அமைப்பு தெரிகிறது: தொடக்கத்தில் தனியே நின்ற அதே மனிதர் முடிவிலும் தனியே நிற்கிறார், ஆனால் நடுவில் ஏதோ மாறிவிட்டது.

ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று கேள்வி: இவருக்கு இப்போது என்ன வேண்டும், எது தடுக்கிறது, துண்டு முடியும்போது யார் கை ஓங்கியிருக்கிறது? 'கோபமாக இருக்கிறார்', 'சோகமாக இருக்கிறார்' என்று குணம் எழுதுவதைவிட இது பல மடங்கு உதவும். குணச்சித்திரக் கேள்விக்கு வேண்டியதும் இதிலிருந்தே கிடைத்துவிடும்.

பிறகு 'யாருக்கு எப்போது என்ன தெரியும்' என்று ஓர் அட்டவணை. மேலே பாத்திரங்களின் பெயர், கடைசியில் பார்வையாளர். வந்திருப்பவன் யார் என்பது பார்வையாளருக்கு எந்த வசனத்தில் உறைக்கிறது, சார்ஜன்ட்டுக்கு எந்த வசனத்தில்? இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தில்தான் நாடகத்தின் பதற்றம் இருக்கிறது.

பொருள்களையும் பின்தொடருங்கள். இந்த நாடகத்தில் பீப்பாய் ஒன்றே போதும். முதலில் அதில் அரசின் அறிவிப்பு ஒட்டப்படுகிறது. பிறகு தேடுபவரும் தேடப்படுபவரும் அதே பீப்பாயில் முதுகோடு முதுகாக உட்கார்ந்து ஆளுக்கொரு திசையைப் பார்க்கிறார்கள். கடைசியில் தேடப்படுபவன் அதன் பின்னாலேயே ஒளிகிறான். எதிரெதிராக இருக்க வேண்டியவர்கள் ஒரே இடத்தைப் பங்கு போடுகிறார்கள் என்பதை எந்த வசனமும் சொல்லவில்லை, பீப்பாய் சொல்கிறது.

நான்காம் அமர்வில் ஒரே ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து வரிவரியாகப் படியுங்கள். திருப்பம் நடக்கும் பக்கமாக இருக்கட்டும். இங்கே அது பாட்டு வரும் இடம். கிளர்ச்சிக்காரர்களின் பழைய பாட்டைப் பாடும்போது கந்தலாடைக்காரன் ஒரு வரியைத் தவறவிடுகிறான். சார்ஜன்ட்டே அந்த வரியை எடுத்துக் கொடுக்கிறார். அரசின் சீருடையில் நிற்பவருக்கு அந்தப் பாட்டு மனப்பாடம்! இளமையில் அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பது அந்த ஒரு வரியில் வெளியே வந்துவிடுகிறது. அவன் தெரியாமல் விட்டானா, தூண்டில் போட்டானா என்பது விவாதிக்க நல்ல கேள்வி. அதற்கு முன்னும் பின்னும் உள்ள மேடைக் குறிப்பைச் சான்றாகக் காட்டிப் பதில் எழுதுங்கள்.

முடிவைத் தொடக்கத்தோடு பக்கத்தில் வைத்துப் படிக்கவும் மறக்க வேண்டாம். அந்த 100 பவுண்டு பேச்சு முதலில் பதவி உயர்வுக் கனவோடு வருகிறது. கடைசியில் அவனைத் தப்பவிட்ட பிறகு, நான் நினைக்கிற அளவு நான் முட்டாள்தானா என்ற கேள்வியாக வருகிறது. கேள்வியாகவே நிற்கிறது. 'நாட்டுப்பற்று வென்றது' என்று நாமாக மூடி போட்டால் அந்தத் தயக்கம் காணாமல் போய்விடும்.

வட்டார வழக்கில் எழுதிய வசனத்தை இலக்கண ஆங்கிலமாகத் திருத்தி மேற்கோள் காட்டாதீர்கள். இந்த நாடகத்தின் அயர்லாந்துப் பேச்சு பிழை அல்ல, பாத்திரத்தின் ஊர்.

பதில் எழுதும்போது

சந்தர்ப்பம் கூறி விளக்கும் கேள்விக்கு ஆறு முதல் எட்டு வாக்கியம் போதும். முதல் வாக்கியத்தில் படைப்பும் ஆசிரியரும். இரண்டாவதில் யார், யாரிடம், எந்தக் கட்டத்தில். அடுத்த இரண்டு மூன்றில் வரிகளின் நேர்ப்பொருள். மீதியில் ஒரே ஒரு சொல்லையோ அணியையோ எடுத்து அது செய்யும் வேலை. ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றில் தொடங்குவது நேர விரயம்.

'பாராஃப்ரேஸ்' கேட்டால் வரிகளில் உள்ள எல்லாப் பொருளும் வர வேண்டும், நீளம் மூலத்தை விடக் கூடலாம். 'சம்மரி' கேட்டால் மூலத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும், உதாரணங்களும் அணிகளும் உதிர வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

இலக்கியத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது நிகழ்காலத்தில் எழுதுங்கள்: சார்ஜன்ட் ஒளித்தார் அல்ல, ஒளிக்கிறார். நடுவில் இறந்தகாலத்துக்குத் தாவுவது மிகச் சாதாரணமான பிழை. மேற்கோளாக நான்கைந்து சொல் போதும், அதை உங்கள் வாக்கியத்துக்குள்ளேயே வைத்துத் தையுங்கள். இரண்டு வரியைத் தொடர்ந்து காட்டினால் வரி உடையும் இடத்தில் ஒரு சாய்கோடு. குறுங்கவிதையின் தலைப்புக்கு மேற்கோள் குறி. நாடகத்தின் தலைப்பைக் கையெழுத்தில் அடிக்கோடிட வேண்டும் என்பது பொது வழக்கு, ஆனால் உங்கள் தேர்வுக்குத் தனி விதி இருந்தால் அதுவே செல்லும்.

மனப்பாடம் கவிதைக்கு மூன்று சிறு தொடர், நாடகத்துக்கு ஐந்து. எந்தக் கேள்விக்கும் பொருந்தக்கூடியதாக, திருப்பத்திலிருந்து ஒன்று, முடிவிலிருந்து ஒன்று என்று தேர்ந்தெடுங்கள். வாயால் ஒப்பித்தால் போதாது, எழுதிப் பாருங்கள். காற்புள்ளியும் எழுத்துக்கூட்டலும் எழுதும்போதுதான் தவறும்.

முன்பின் பார்க்காத கவிதையைக் கொடுத்து 20 நிமிடம் தந்தால்: நான்கு நிமிடம் இரண்டு முறை வாய் அசையாமல், ஆனால் மனதுக்குள் நிறுத்தற்குறி பார்த்துப் படிக்க. நான்கு நிமிடம் வாக்கியங்களுக்குக் கோடு போட்டு, வினைகளை வட்டமிட்டு, பேசுபவரையும் திருப்பத்தையும் குறிக்க. பத்து நிமிடம் எழுத. கடைசி இரண்டு நிமிடம் வினைகளின் காலம் சரிதானா என்று மட்டும் பார்க்க. தெரியாத சொல் ஒன்றிரண்டு இருந்தால் அதைச் சுற்றியுள்ள வினையிலிருந்து ஊகியுங்கள். ஊகிக்க முடியாவிட்டால் அந்த வரியைத் தொடாமல், நன்றாகப் புரிந்த வரியை வைத்துப் பதிலைக் கட்டுங்கள்.